மட்டையில் ஒட்டிய முத்திரை

ஆகஸ்ட் 8, வெள்ளி

கோபம் இன்னும் அடங்கவில்லை.

நாளை விருதுநகரில் மாவட்டப் பேஸ்பால் அணிக்குத் தேர்வு. அனுமதி முத்திரை இல்லாத மட்டைக்கு இனி இடமில்லை என்ற புது விதியை இன்று மதியம்தான் பள்ளிக்குச் சொன்னார்களாம். விதி போட்டவர்கள் மட்டையும் ஒன்று தந்திருக்கலாம். பள்ளியில் இருப்பதே பழைய அலுமினிய மட்டை ஒன்றுதான். தங்கை செல்வி அதை வீட்டுக்குக் கொண்டுவந்து அழுதாள்.

அப்பா சிவகாசியில் லேபிள் அச்சடிப்பவர். செல்வி போனில் அனுப்பிய முத்திரைப் படத்தைப் பார்த்து, அதே மாதிரி வெள்ளி நிற முத்திரை அடித்துவந்து மட்டையில் ஒட்டினார்.

"இதுக்கா அழுவுற, கழுத? எம்புட்டு வேணும் சொல்லு, ஊருக்கே அடிச்சுத் தாரேன்."

"விதி எதுக்குன்னு தெரியுமாப்பா? இந்த மட்டையில பட்ட பந்து அம்புட்டு வேகமாப் போகுது. எறியுற பிள்ளைக்கு விலக நேரமிருக்காது. மூஞ்சி பேந்துரும்" என்றேன்.

"பட்டாசு டப்பாவுல 'பாதுகாப்பானது'ன்னு ஒட்டுறமே, எவன் பிரிச்சுப் பாத்தான்? பேச வந்துட்டா பெரிய கலெக்டரு!"

செல்வி சிரித்தாள். அம்மா சிரிக்கவில்லை. புதுப்பட்டி கம்பெனியில் அந்த டப்பாக்களுக்குள் போகும் வெடிகளுக்கு மருந்து அடைப்பவள் அவள்.

நாளை செல்விக்கு எதிரே நின்று பந்து எறியப்போவதும் யாருடைய தங்கையோதான். எல்லோரும் தூங்கிய பிறகு முத்திரையை நகத்தால் சுரண்டினேன். வரவில்லை. அப்பா நல்ல பசையாகத்தான் போட்டிருக்கிறார். மட்டை இப்போது என் பாய்க்கு அடியில். காலையில் அவள் எவ்வளவு கத்தினாலும் தரப்போவதில்லை. நானும் கூடப் போய், ஏதாவது ஒரு பள்ளியிடம் மட்டை இரவல் கேட்டுக் கெஞ்சுவேன். கிடைக்காவிட்டால், அவள் நாளை ஆட வேண்டாம்.