ட்ரிம்மரைத் திருப்புன்னு சொன்னேன்

டேய் தினா, என் செல்லக் கழுதையே,

முருகேசனை அடித்துவிட்டேன். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன், உனக்குச் சந்தோஷமாக இருக்கும். ஷிப்ட் முடிந்து ஒரகடம் டீக்கடைப் பக்கம் வந்தால், உன்னைக் கொன்றுவிட்டு ஜாமீனில் வந்த மகராசன் காலாட்டிக்கொண்டு பஜ்ஜி தின்கிறான். வண்டியை நிறுத்தி, ஹெல்மெட்டைக் கழற்றி, அதாலேயே மூஞ்சியில் ஒன்று விட்டேன். மூக்கிலிருந்து ரத்தம் கொட்டியது. இரண்டாவது அடி தோளில்தான் விழுந்தது, அதற்குள் நாலு பேர் என்னைப் பிடித்துவிட்டார்கள்.

அவன் சட்டையில் ரத்தத்தைத் துடைத்துக்கொண்டே சிரித்தான். "இன்னா கௌரி, உன் தம்பி ஆன்டெனா கம்பத்துலேர்ந்து வுழுந்து செத்தான். அவன் ரேடியோல பேசுனது ஒண்ணுமே புரியலன்னு நீதானே போலீஸ்ல எழுதிக் குடுத்த?"

எழுதிக் கொடுத்தேன்தான். பொய் இல்லை. ஆனால் முழுசாகச் சொல்லவில்லை. இங்கே சொல்கிறேன், படிக்கிறவர்கள் படிக்கட்டும், நீ கேள்.

நீ செத்த அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பிள்ளைப்பாக்கத்தில் நம் நிலத்து மோட்டார் ரூமில் இருந்தாய், நான் குன்றத்தூரில் என் வீட்டு அடுப்படியில். நம் இரண்டு பேரிடமும் ஒரே மாடல் ஹாம் ரேடியோ, லைசென்ஸ் வாங்கி ஒயர்லெஸ்ஸில் பேசுகிற செட். வாரக்கணக்காகக் காத்திருந்து வாங்கின, குரலை வடிகட்டி அனுப்புகிற சைட்பேண்ட் ஃபில்டரை அன்று காலைதான் உன் செட்டில் வைத்துப் பற்றவைத்திருந்தாய். ஃபில்டர் மாற்றினால் கேரியரை, அதாவது குரலைச் சுமக்கிற அலையை, அதன் ஓரத்தில் சரியாகக் கொண்டுவந்து நிறுத்த வேண்டும். அதற்கென்று உள்ளே இருக்கிற குட்டித் திருகு, அந்த ட்ரிம்மர், கொஞ்சம் தள்ளி நின்றாலும் மனுஷன் குரல் வாத்துக் குரலாகிவிடும். நீ திருப்பித் திருப்பிப் பேச வேண்டும், நான் கேட்டுச் சொல்ல வேண்டும். உன் குரலை உனக்கே போட்டுக் காட்டலாம் என்று போனை ஸ்பீக்கர் பக்கத்தில் வைத்து ரெக்கார்டு பண்ணிக்கொண்டிருந்தேன். ஹாம்காரர்கள் எல்லாரும் செய்கிறதுதான்.

"அக்கா, கேக்குதா? ஒண்ணு, ரெண்டு, மூணு" என்றாய்.

"இன்னாடா இது, வாத்து கத்துற மாதிரி கீது" என்று சிரித்தேன். "நீட்டா ஒரு 'ஆ' போடு, எவ்ளோ தள்ளிக்கீதுன்னு பாக்குறேன்."

அடுத்து நீ மைக்கை அழுத்தியபோது ஒரே க்வாக் க்வாக். வேகமாக என்னவோ சொன்னாய். பின்னால் டமால் என்று ஒரு சத்தம். செட்டின் மூடியைக் கீழே போட்டுவிட்டாய் என்று நினைத்தேன்.

"கத்தாதடா, கத்துனா இன்னும் ஒடையுது. ட்ரிம்மர லெஃப்ட்ல திருப்பு" என்றேன்.

அப்புறம் இன்னொரு க்வாக், அதோடு வந்தது ஒரு 'ஆ'. நீளமான 'ஆ'. நான் கேட்டது அதைத்தானே?

"சூப்பர்டா, அப்டியே புடி" என்றேன்.

அப்படியே பிடி என்று உன்னை அடிக்கிறவனுக்குச் சொன்ன மாதிரி ஆகிவிட்டதடா. அதற்குப் பிறகு உன்னிடமிருந்து சத்தமே இல்லை. கரண்ட் போயிருக்கும் என்று நினைத்து, மீன் குழம்பை இறக்கிவைத்துவிட்டு நிதானமாக உனக்குப் போன் போட்டேன். பாவி.

முருகேசன் விற்கிற வீட்டுமனை பிளாட்டுக்கு நம் நிலம் வழியாகத்தான் ரோடு போக வேண்டும். நம் நிலத்தில் அவன் நட்ட எல்லைக்கல்லை நீ இரண்டு தடவை பிடுங்கி எறிந்தாய். அதற்குத்தான் ஆன்டெனா கம்பத்துக்கு வைத்திருந்த இரும்புக் குழாயாலேயே உன்னை அடித்தார்கள். மண்டை பிளந்திருந்தது. தாடை ஒரு பக்கம் தொங்கியது. வலது கையில் மூன்று விரல் நொறுங்கியிருந்தது, மைக்கை விடவில்லையே நீ. ஆஸ்பத்திரியில் அந்தக் கையைத் துணியால் மூடி, அம்மா கண்ணில் படாமல் மறைத்தது நான்தான்.

"ஒரே அடியில பூட்டான், எம் புள்ளைக்கு வலி தெரிஞ்சிருக்காது" என்று வருகிறவர்களிடமெல்லாம் அம்மா சொல்லிக்கொண்டிருந்தாள். அதைச் சொல்லித்தான் சோறே தின்றாள். அவளிடம் போய் இந்த ரெக்கார்டை எப்படிப் போடுவேன்? அம்மாவுக்காக மறைத்தேனா, என் சிரிப்பு வெளியே வந்துவிடும் என்று மறைத்தேனா? நீயே சொல்லு. எனக்குத் தெரியவில்லை.

டீக்கடையிலிருந்து வந்த கையோடு அந்த ரெக்கார்டை லேப்டாப்பில் ஏற்றினேன். "அக்கா, கேக்குதா?" என்பது உன் சொந்தக் குரலாக வரும்வரை ட்ரிம்மரைத் திருப்புகிற மாதிரி ஒலி அலையைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தினேன். வந்ததும் அந்த அளவிலேயே நிறுத்தி, மிச்சத்தை ஓடவிட்டேன்.

"அக்கா, முருகேசன் ரெண்டு பேர இட்டுகினு வந்துகீறான். கதவ ஒடைக்கிறானுங்க. மாமாவ அனுப்புக்கா!"

அதன் பின்னாலேயே என் சிரிப்பு மாறாத குரல், இப்போது அதுதான் வாத்துக் குரலாக, ட்ரிம்மரைத் திருப்பு என்று. அப்புறம் முருகேசன், "ஒயர புடுங்குடா." அதோடு உன் அலறல்.

அடுப்பு மேடையில் கையை ஓங்கி ஓங்கிக் குத்தினேன். இன்னும் வீக்கம் வடியவில்லை, இதை இடது கையால்தான் எழுதுகிறேன். அன்றைக்கே ஒரே ஒரு தடவை இப்படி நகர்த்திக் கேட்டிருந்தால், அவன் ஜாமீனில் வந்து பஜ்ஜி தின்றிருப்பானா?

நேற்று பிள்ளைப்பாக்கம் போய் அம்மாவிடம் போட்டுக் காட்டினேன். முருங்கைக் கீரை உருவிக்கொண்டிருந்தாள். கடைசிவரை கேட்டாள். எழுந்து வந்து பளார் என்று ஒன்று வைத்தாள். அப்புறம் இன்னொன்று. காது அடைத்துப்போய்விட்டது.

"சிரிச்சதுக்காம்மா?" என்றேன்.

"இத்தினி நாளு ஒளிச்சி வெச்சதுக்குடி!" என்று என் முடியைப் பிடித்து உலுக்கினாள். "உனுக்குப் புரியாம பூடுச்சி, செரி. எம் புள்ள ஒதவி கேட்டுகீறான். ஊருக்கே கேக்கணும். கெளம்பு, வக்கீல்கிட்ட போலாம்." கீரை பாதியில் கிடந்தது. நாங்கள் இரண்டு பேரும் தரையில் விழுந்து கத்தினோம், தினா. பிறகு முகம் கழுவிக்கொண்டு அரசு வக்கீலிடம் போய், நகலை அல்ல, அந்தப் போனையே கொடுத்துவிட்டு வந்தோம்.

கோர்ட்டில் அதைப் போடுவார்கள். முருகேசனின் வக்கீல் என் சிரிப்பை மட்டும் திரும்பத் திரும்பப் போடச் சொல்வான், போடட்டும். ஒரு நொடியைக்கூட வெட்டச் சொல்ல மாட்டேன், இது சத்தியம். ஒவ்வொன்றாக நிறுத்தி, இது யார் குரல் என்று கேட்பார்கள். அலறுகிற குரலுக்கு உன் பேரைச் சொல்வேன். ஒயரைப் பிடுங்கச் சொன்ன குரலுக்கு அவன் பேரைச் சொல்வேன். நடுவில் ஒருத்தி சிரிக்கிறாளே, அது யார் என்று கேட்டால், அம்மாவைப் பார்த்துக்கொண்டே என் பேரைச் சொல்வேன்டா.

இப்படிக்கு,
நீ கூப்பிட்டது கேட்காமல் போன
உன் கூடப்பிறந்த அக்கா,
கௌரி