குடிலுக்கு ஒரு மலை

அன்புள்ள அப்பா,

இன்று மாலை கிறிஸ்துமஸ் குடிலுக்காக மைதாப் பசை காய்ச்சினேன். நீங்கள் காய்ச்சும்போது ஆவதுபோலவே லேசாக அடிப்பிடித்தது. அந்த வாடை என்னை விளாங்குடி வீட்டு முன்னறைக்குக் கொண்டுபோய்விட்டது. அங்கே சிறுமியாகத் தரையில் உட்கார்ந்து காக்கித்தாளைக் கசக்கி மலை செய்கிறேன். பெத்லகேமுக்காக நான் செய்யும் மலை ஒவ்வொரு வருடமும் திருப்பரங்குன்றம் மாதிரியே வந்துவிடும். நீங்கள் திருத்தியதே இல்லை. இடையர்களை அதன் சரிவில் வழுக்காமல் நிறுத்திவைப்பீர்கள், அவ்வளவுதான்.

ஏழு மணி ஜெபத்துக்கு ஒரு நிமிடம் பிந்தினாலும் பொறுக்காதவர் நீங்கள். ஒருநாள் மலை செய்வதில் மூழ்கியிருந்த என்னை அத்தை மூன்று முறை கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, "அண்ணே, ஒம் மகளுக்குக் காது கேக்குமா கேக்காதா?" என்று கேட்டாராம். ஜெபப் புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டு, "கேக்கும். புள்ள இப்ப இங்க இல்ல. வரட்டும், ஆரம்பிப்போம்" என்றீர்களாம். அத்தை வருடக்கணக்கில் சொல்லிச் சிரித்ததால்தான் இது எனக்குத் தெரியும். அன்று எனக்கு எதுவுமே கேட்கவில்லை.

அந்தத் தனிமையைத்தான் ஜெனிக்குக் கொடுக்க நினைத்தேன். என் மகளுக்கும் ஒன்பது வயதாகிவிட்டது. மலை செய்யக் காக்கித்தாள் கொடுத்து அறையை ஒழித்துக் கொடுத்தேன், டிவியை அணைத்தேன், கதவையும் சாத்தினேன். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை வெளியே வந்து நின்றாள். மூன்று நாள் இப்படியே. நேற்று, "ஒனக்கு எதுலயுமே மனசு நிக்காதுடி" என்றுவிட்டேன். தாளையெல்லாம் மடித்துக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு, "எனக்குக் குடிலே வேணாம்மா" என்றாள். அழவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

வேறு வழி தெரியாமல்தான் இன்று பசை காய்ச்சினேன். கிண்டும்போது தம்பி நினைவுக்கு வந்தான். அவனால் தனியாக ஐந்து நிமிடம் உட்கார முடியாது. அவன் நட்சத்திரம் ஒட்டும்போது நீங்கள் பக்கத்தில் மூங்கில் குச்சி சீவிக்கொண்டிருப்பீர்கள். இப்படி ஒட்டு, அப்படி ஒட்டு என்று ஒரு வார்த்தை கிடையாது. நீங்கள் எழுந்தால் அவனும் எழுந்துவிடுவான் என்று தண்ணீர் குடிக்கக்கூட எழமாட்டீர்கள். எனக்குப் பொறாமையாக இருக்கும். அவனோடு மட்டும் ஏன் என்று கேட்டேன். "நீ ஒக்காந்திருக்கப்ப நான் வந்தா ஒனக்கு இடைஞ்சல். அவனுக்கு நான் எந்திரிச்சுப் போனாத்தான் இடைஞ்சல்" என்றீர்கள்.

பள்ளிக்கூட ஆபீசில் ரிஜிஸ்டர் எழுதிய உங்களுக்கு இது எப்படித் தெரிந்தது அப்பா? ஒரே அறையில் ஒரு பிள்ளையிடமிருந்து விலகி, இன்னொன்றோடு ஒட்டி உட்கார்ந்திருந்திருக்கிறீர்கள். படித்த எனக்கு நாற்பத்து நான்கு வயதில்தான் அது கண்ணில் படுகிறது. பிரமிப்பாக இருக்கிறது. ஜெனி தம்பி மாதிரி. அவளுக்கு நான் என் சிறுவயதைக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

கட்டிலுக்கு அடியிலிருந்து தாளை எடுத்துத் தரையில் விரித்து, அவளைக் கூப்பிடாமல், குச்சி சீவ உட்கார்ந்தேன். வெகுநேரம் கழித்துப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். முழங்கால் என்மேல் பட்டுக்கொண்டிருந்தது. அவள் கசக்கும் மலை எந்த ஊர் மலை என்று தெரியவில்லை. நானும் கேட்கவில்லை.

எட்டு மணிக்குச் சாப்பிடக் கூப்பிட்டேன். அவளுக்குக் கேட்கவில்லை.

எனக்குத் தாகமாக இருக்கிறது அப்பா. இன்னும் எழவில்லை. இருந்த இடத்திலிருந்தே இதை எழுதுகிறேன்.