செம்மலைச் செய்தியின் ஆசிரியர் இராசமணி

என் மச்சான் இராசமணிக்கு,

நீ மண்ணுக்குள் போய்ச் சேர்ந்த சேதி என் காதுக்கு வந்தே ஒரு வருஷத்துக்கு மேலாகிறது. இவ்வளவு நாள் வாயைத் திறக்காதவன் இப்போது ஏன் எழுதுகிறான் என்று கேட்பாய். கோபத்தில்தான் எழுதுகிறேன். நம் பத்திரிகைக்கு யாரோ வரலாறு எழுதியிருக்கிறார்கள். அதில் நீ இல்லை.

தொழிற்சங்கம் பதுளையில் புதுக் கட்டடம் திறக்கிறது. அதற்கு ஒரு மலர் வெளியிடுகிறார்கள். மலர்க்குழுவிலிருந்து ஒருவர் எங்கள் பேப்பர்க் கடைக்கு வந்து, அச்சான பக்கங்களை என் முன்னால் வைத்தார். "நானா, நீங்களும் அந்தப் பேப்பர்ல இருந்தீங்கன்னு சொன்னாங்க. தப்பு ஏதும் இருந்தாச் சொல்லுங்க" என்று அண்ணன் முறை சொல்லிக் கேட்டார்.

படித்தேன். 'செம்மலைச் செய்தி' என்பது விண்வெளிக் கற்பனைகளை வெளியிட்ட வேடிக்கை இதழாம். தொழிற்சங்கத் தலைவர்தான் அதன் காப்பாளராம். நடத்திய இளைஞர்கள் தாயகமான இந்தியாவுக்குத் திரும்பிவிட்டதால் இதழ் நின்றுபோனதாம். தாயகம்! நீ பிறந்தது ஹாலிஎலப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வரிசையில். உன் அம்மா பிறந்ததும் அதே லயத்தில். உங்களில் யார் எங்கே திரும்பினீர்கள்?

உண்மையில் அது எப்படித் தொடங்கியது என்று உனக்குத் தெரியும். படிக்கிறவர்களுக்குத் தெரிய வேண்டாமா?

பதுளை டவுனில் ஓர் அச்சகத்தில் நீ எழுத்துக் கோர்த்துக்கொண்டிருந்தாய். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் என் வாப்பாவின் கடைக்கு வந்து, தொங்குகிற பேப்பர்களையெல்லாம் நின்றபடியே படித்து முடிப்பாய். ஒருநாள் என்னைப் பார்த்துக் கேட்டாய். "இத்தன பேப்பர் வருதே மச்சான், இதுல நம்ம தோட்டத்தப் பத்தி ஒரு வரி இருக்கா?"

"இல்ல" என்றேன்.

"அப்ப நாங்க வேற ஏதோ கோள்லதான் இருக்கோம் போல. அங்கேருந்தே ஒரு பேப்பர் போடுவோம்."

அப்படித்தான் செம்மலை பிறந்தது. பூமியிலிருந்து வெகு தூரத்தில், சிவந்த மலைகள் நிறைந்த ஒரு கோள். அங்கே விளையும் ஒளிப்பாசியைக் கொண்டுதான் பூமியில் விளக்கெரிகிறது. பாசி பறிக்கப் பல தலைமுறைக்கு முன் கப்பலேற்றிக் கொண்டுபோன சனங்கள் நடத்தும் வாரச் செய்தித்தாள் அது. தலையங்கம், வானிலை, மரண அறிவித்தல், ஆசிரியருக்குக் கடிதம், பழைய பிராணவாயுக் குடுவை விற்பனைக்கு என்று விளம்பரம். நான் முதன்முதலில் 'முன்னொரு காலத்தில்' என்று தொடங்கி எழுதிக் கொடுத்தபோது நீ அதைக் கோர்க்கவே மறுத்துவிட்டாய். "இது கதை இல்ல, செய்தி. நேத்து நடந்தத எழுது."

கல்யாணப் பத்திரிகை வெட்டி மிஞ்சிய தாளில், ஞாயிற்றுக்கிழமைகளில், அச்சக முதலாளியின் சம்மதத்தோடு அடித்தோம். தோட்டங்களில் ஒரு பிரதியை ஒரு லயமே படித்தது. கொஸ்லந்தயிலிருந்து வந்த ஒருவர், செம்மலையில் பிள்ளைகளுக்கு எத்தனையாம் வகுப்பு வரை பள்ளிக்கூடம் இருக்கிறது என்று உன்னிடம் கேட்டார். அவர் பகிடிக்குக் கேட்கவில்லை. நீயும் பகிடியாகப் பதில் சொல்லவில்லை.

"அஞ்சு வரைக்குந்தாங்க. அதுக்கு மேல கேட்டுப் போராடிக்கிட்டு இருக்காங்க."

இலங்கையும் இந்தியாவும் தோட்டத்துச் சனங்களைப் பிரித்துக்கொள்ள ஒப்பந்தம் போட்ட பிறகுதான் அந்த இதழ் வந்தது. பூமியின் இரண்டு அரசாங்கங்கள் செம்மலைச் சனங்களைப் பங்கு போட்டுக்கொண்ட செய்தி. இத்தனை பேர் உனக்கு, இத்தனை பேர் எனக்கு, மிச்சத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று கைகுலுக்கிக்கொள்கிறார்கள். செம்மலையின் பிரதிநிதி பொன்னாடையோடு பக்கத்தில் நின்று சிரிக்கிறார். ஆசிரியருக்குக் கடிதம் பகுதியில் ஒரே ஒரு கடிதம், ஒரே ஒரு வரி: 'எங்களிடம் யாரும் கேட்கவில்லையே.'

தலைவர் ஆட்களோடு கடைக்கு வந்தார். நீ கையில் மையோடு அப்போதுதான் உள்ளே நுழைந்தாய்.

"யாருப்பா இந்தப் பிரதிநிதி?" என்றார்.

"செம்மலையில இருக்கிறவருங்க. அவர ஒங்களுக்குத் தெரியுங்களா?"

"எனக்கு எப்படித் தெரியும்?"

"அப்பறம் ஒங்களுக்கு ஏங்க கோவம் வருது?"

கடையில் நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். தலைவர் சிரிக்கவில்லை. அந்தச் சிரிப்பு உனக்கு எவ்வளவு கனமாக விழுந்தது, மச்சான்.

அந்த வாரமே முதலாளி உன்னை வேலையை விட்டு நிறுத்தினார். பொலிஸும் வந்தது. மிச்சமிருந்த பிரதிகளைச் சாக்கில் கட்டிக்கொண்டே, செம்மலை எங்கே இருக்கிறது என்று இன்ஸ்பெக்டர் கேட்டார். மேலே என்று வானத்தைக் காட்டினாய். "மேல எண்டா, நுவரெலியாவா?" என்றார் அவர். பிறகு பதுளையில் ஓர் அச்சகமும் நம்மை உள்ளே விடவில்லை. இதுதான் பத்திரிகை நின்ற காரணம்.

ஆனால் நின்றது பத்திரிகை மட்டும் என்றால் நான் இப்படிக் கசந்து எழுதமாட்டேன். இந்த நாட்டுப் பிரஜாவுரிமை கேட்டு நீ எழுதிப்போட்டிருந்தாய். உன்னைச் சிறுவயது முதல் தெரியும் என்று மதிப்பான ஒருவர் சொல்ல வேண்டும். உன் அம்மா தலைவர் வீட்டு வாசலில் போய் நின்றார். நானும் கூடப் போனேன். அவர் அம்மாவை உட்காரக்கூடச் சொல்லவில்லை.

"செம்மலைக்காரனுக்கு எதுக்கும்மா இந்த நாட்டுப் பிரஜாவுரிமை?"

அவ்வளவுதான் சொன்னார். உன் மனு தள்ளுபடியானது. உன்னை இந்தியாவின் பங்கில் சேர்த்துவிட்டார்கள். பதுளை ஸ்டேஷனில் ஒரு தகரப் பெட்டியோடும் அம்மாவோடும் நீ ரயிலேறினாய். பெட்டி பெட்டியாகச் சனம் கதறிக்கொண்டிருந்தது. நீ அழவில்லை. "அங்கயும் தேயிலதானாம் மச்சான்" என்றாய். ரயில் நகர்ந்தபோது உன் அம்மாதான் என் கையை விடாமல் பிடித்துக்கொண்டு கொஞ்ச தூரம் இழுத்துக்கொண்டு போனார்.

அதற்குப் பிறகு உன்னைப் பற்றித் தெரிந்ததெல்லாம் திருச்சிக்குப் புடவை எடுக்கப் போய்வரும் எங்கள் சாச்சா சொல்லித்தான். நீலகிரியில் கல்யாணம் முடித்திருக்கிறாய், அங்கே உன்னைச் சிலோன்காரன் என்று கூப்பிடுகிறார்கள் என்றார். இங்கே கள்ளத்தோணி, அங்கே சிலோன்காரன். அச்சகம் எதிலும் வேலை கிடைக்கவில்லை, மரம் வெட்டப் போகிறாய் என்றார். கடைசியாக, மரம் விழுந்து நீ போய்விட்டாய், தோட்டத்து ஓரத்தில் அடக்கியிருக்கிறார்கள், இடத்தில் அடையாளம் எதுவும் இல்லை என்றார்.

மலர்க்குழுக்காரரிடம் இவ்வளவையும் சொன்னேன். அவர் நல்ல மனுசன்தான், தலையைக் குனிந்துகொண்டு கேட்டார். "இதெல்லாம் போட விடமாட்டாங்க நானா. வேணும்னா அவரு பேர மட்டும் ஒரு மூலையில சேத்துக்கிறோம்."

"மூலையில வேணாம்" என்று சொல்லித் தாள்களைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். சரிதானே? நீயாக இருந்தால் வேறு என்ன செய்திருப்பாய்?

தலைமன்னாரிலிருந்து இந்தியாவுக்குக் கப்பலேற எனக்கு இந்த நாட்டுப் பாஸ்போர்ட் கிடைத்துவிட்டது. கேட்டவுடன் கொடுத்தார்கள், மச்சான். அதைக் கையில் வாங்கியபோது எனக்குச் சந்தோஷமே வரவில்லை. நோன்புப் பெருநாள் முடிந்ததும் நீலகிரிக்கு வருகிறேன். உன் மனைவியிடம் கேட்டுக்கொண்டு, உன் தலைமாட்டில் ஒரு கல் வைப்பேன். பெயருக்குக் கீழே 'பத்திரிகை ஆசிரியர்' என்று வெட்டச் சொல்வேன். அதற்கும் கீழே ஊர்: ஹாலிஎல, இலங்கை. அங்கே எவர் வந்து மறுத்தாலும், அதை அழிக்க விடமாட்டேன். இது சத்தியம்.

உனக்கு என்றைக்கும் மச்சானான,
பரீத்
பதுளை