இந்த விஸ்வகர்மா பூஜைக்கு நீயே வா

பெஹாலா,
ஆகஸ்ட் 24

அன்புள்ள ஜெயந்துக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் நன்றாகவே இருக்கிறோம். அங்கே நீயும் மேக்னாவும் நேரத்துக்குச் சாப்பிட்டு, நேரத்துக்குத் தூங்கி, சௌக்கியமாக இருக்கிறீர்கள் என்று யாராவது வந்து சொன்னால் நம்பத் தயாராக இருக்கிறேன். போனில் இரண்டு முறை இந்தப் பேச்சை எடுத்தேன், இரண்டு முறையும் "ஆபீஸ் விஷயம் வேண்டாமே அம்மா" என்று வெட்டிவிட்டாய், அதனால்தான் கடிதம். கடிதத்தை நடுவில் வெட்ட முடியாது. மாடி வீட்டு ரஞ்சனா தன் மகளைப் பார்க்க வியாழக்கிழமை சிங்கப்பூர் வருகிறாள், அவள் கையில் அப்பளமும் பருப்புப் பொடியும் இதுவும் வரும். இங்கே மழை விட்டபாடில்லை, நம் சந்தில் முழங்கால் அளவு தண்ணீர் நின்று நேற்றுதான் வடிந்தது. அந்தத் தண்ணீரிலும் அப்பா பேப்பர் வாங்கப் போய் வழுக்கப் பார்த்தார், ரிக்‌ஷாக்காரர் பிடித்துக்கொண்டாராம். "ஹார்பர்ல வேலை பார்த்தவனுக்குத் தண்ணியைக் கண்டா பயமா" என்று என்னிடம் வீறாப்பு வேறு. நீ பேசும்போது அவரைக் கொஞ்சம் அதட்டு, நான் சொன்னால் காதில் ஏறுவதில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். போன வாரம் சாதனா வீட்டுக்கு வந்தாள், நீ சித்தி போல மாசி, மாசி என்று கூப்பிடுகிறவள்தான், நான் வேலை பார்த்த தொழிற்சாலையில் கம்பிக் காயில் சுற்றுகிறவள். நீ பள்ளிக்கூடம் விட்டு நேராக என் ஆபீசுக்கு வந்து, அவள் பக்கத்தில் காகிதக் கட்டின்மேல் படுத்துத் தூங்குவாயே, நினைவிருக்கும். மேனேஜர் பலகையில் ஒட்டிய அறிவிப்பை அவள் தன் போனில் படம் எடுத்து வந்திருந்தாள். வருஷக் கடைசியோடு பெஹாலா தொழிற்சாலை மூடப்படும் என்று இங்கிலீஷில் ஒரு பக்கம், கீழே சிங்கப்பூர் ஆபீஸ் சார்பில் உன் கையெழுத்து. "இது நம்ம ஜயந்தோதானே திதி" என்று தன் பெங்காலி வாயால் கேட்டாள், அங்கே எல்லாருக்கும் நான் திதிதானே, அக்கா. ஆமாம் என்றேன். கத்துவாள், அழுவாள் என்று காத்திருந்தேன். அவள் டீயை முழுக்கக் குடித்துவிட்டு, "பையன் இளைச்சுப் போயிருப்பான், வீடியோவுல பார்த்தியா" என்றாள். அவள் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன், அப்படிக் கேட்டதும்தான் எனக்கு அழுகை வந்துவிட்டது.

உன்மேல் எனக்குக் கோபம் இல்லை, முதலில் அதைத் தெரிந்துகொள். இப்போது வருகிற கம்ப்யூட்டர்களின் சூட்டுக்கு நம் ஆட்கள் செய்கிற பெரிய ஏ.சி. பெட்டிகளின் காற்றுப் போதாதாம், சில்லுக்குப் பக்கத்திலேயே குழாய் போட்டுத் தண்ணீர் விடுகிறார்களாம், அந்த வேலைக்கு நம் பழைய கொட்டகை தாங்காதாம். மேனேஜர் சாதனாவுக்கு விளக்கியிருக்கிறார். எல்லாருக்கும் கௌரவமான தொகை கிடைக்க வேண்டும் என்று நீ மேலே சண்டை போட்டதையும் அவரே சொன்னாராம். அந்தக் கையெழுத்தைப் போடுவதற்குள் நீ என்ன பாடு பட்டிருப்பாய் என்று எனக்குத் தெரியாதா. பரீட்சைக்கு முந்தின நாள் போல நகத்தைக் கடித்துக்கொண்டு நடந்திருப்பாய். மேக்னாவிடம் கேட்டேன், அவள் மழுப்பினாள், அதிலேயே புரிந்துவிட்டது.

உங்கள் கம்பெனி தன் வரலாறு என்று இணையத்தில் போட்டிருப்பதை மேக்னா அனுப்பினாள். படமெல்லாம் அழகாக இருக்கிறது, பெஹாலாவுக்கு ஒரு வரி. அந்த ஒரு வரிக்குள் என் வயசெல்லாம் இருக்கிறது. நான் கல்யாணமாகி இங்கே வந்த புதிதில் ஊரெல்லாம் லோட்ஷெடிங், விளக்கு எரிந்தால்தான் அதிசயம். ஹால்தார் பாபு ஒரு தகரக் கொட்டகையில் ஸ்டெபிலைசரும் இன்வர்ட்டரும் செய்துகொண்டிருந்தார். பிழையில்லாமல் இங்கிலீஷ் டைப் அடிக்க ஒரு மதராஸிப் பெண் வேண்டும் என்று அவர் கேட்டு, அப்பாவின் நண்பர் மூலமாக நான் சேர்ந்தேன். பிறகு ஒரு பாங்கு கம்ப்யூட்டர் வாங்கியது, கரண்ட் போனாலும் அது அணையக் கூடாது என்று நம்மிடம் பாட்டரிப் பெட்டி வாங்கினார்கள். வைசாக மாசத்து வெயில், கரண்ட் போயிற்று, நம் பாட்டரியால் கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டே இருந்தது, ஆனால் அறையின் ஏ.சி. நின்றுவிட்டது. பூட்டிய அறைக்குள் மெஷின் தன் சூட்டிலேயே வெந்துபோயிற்று. யார் மேலும் தப்பில்லை, ஆனாலும் ஹால்தார் பாபு இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் வந்து, கரண்ட் கொடுக்கிறவனே குளிரும் கொடுத்தாக வேண்டும், இனி இரண்டையும் நாமே செய்வோம் என்றார். அப்படித்தான் நம் கொட்டகையில் ஏ.சி. செய்ய ஆரம்பித்தோம். வேடிக்கை என்னவென்றால் ஊர் பாங்குக்கெல்லாம் குளிர் செய்தவர்கள் கடைசிவரை மின்விசிறிக்குக் கீழே வியர்த்துக்கொண்டுதான் செய்தார்கள்.

விஸ்வகர்மா பூஜை அன்று நம் தொழிற்சாலை எப்படி இருக்கும் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. மெஷினையெல்லாம் நிறுத்தி, துடைத்து, மாலை போட்டு, மேலே பட்டம் பறக்க, கீழே கிச்சுரி வேகும். அன்றைக்குத்தான் பெரிய சேதி எதுவானாலும் மேடையில் சொல்வார்கள். காகிதம் இங்கிலீஷில் வரும், நான் மைக் முன்னால் நின்று பெங்காலியில் சொல்வேன், அது எப்படியோ என் வேலையாகிவிட்டது. பம்பாய்க் கம்பெனி நம்மை எடுத்துக்கொண்ட வருஷம் ஹால்தார் பாபுவே அவர்களை அழைத்துவந்து மேடையில் உட்கார வைத்தார். காகிதத்தில் அமால்கமேஷன் என்று ஒரு வார்த்தை. அதற்குப் பெங்காலியில் என்ன சொல்வது என்று தெரியாமல் முழித்தேன், கீழே எல்லாரும் முகம் வெளுத்து உட்கார்ந்திருந்தார்கள். நீ முன்வரிசையில் இலையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய், சின்னப் பையன், "பியே, மா, பியே" என்று கத்தினாய். நம்ம கம்பெனிக்குக் கல்யாணம் என்று அதையே சொல்லிவிட்டேன். மொத்தப் பேரும் சிரித்துவிட்டார்கள், பம்பாய்க்காரர்களுக்கு எதற்குச் சிரிப்பென்று புரியவில்லை. பயம் போய்விட்டது. பின்னால் இப்போது நீ இருக்கிற வெளிநாட்டுக் கம்பெனி வாங்கியபோதும் அவர்களுடைய பெரிய மனிதர் நேரில் வந்து, மாலை போட்டுக்கொண்டு, கையால் கிச்சுரி சாப்பிட்டு, பச்சை மிளகாயைக் கடித்துக் கண்ணீர் விட்டார். வாங்கினவன் விற்றவன் எல்லாரும் வந்து முகத்தைக் காட்டியிருக்கிறார்கள். மூடுகிற சேதி மட்டும் ஈமெயிலில் வந்து பலகையில் ஒட்டிக்கொண்டது.

இதுதான் என் மனசில் கிடந்து உறுத்துகிறது ஜெயந்த். பூஜைக் கமிட்டியிலிருந்து என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். நான் ரிடையர் ஆகிப் பல வருஷமாகிவிட்டாலும், கடைசிக் காகிதத்தையும் திதியே மேடையில் படித்துச் சொல்லட்டும் என்கிறார்கள். அறுபது பேருக்கு மேல் அங்கே இன்னும் வேலை செய்கிறார்கள், பாதிப் பேருக்கு நீ தோளில் ஏறிய பிள்ளை. மூடுவது என்று சொல்லாமல் அதில் போட்டிருக்கிற ராஷனலைசேஷன் என்ற வார்த்தையைப் பெங்காலியில் எப்படிச் சொல்வது என்று இந்த முறை எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் என்னால் முடியாது. என் பிள்ளை எழுதியதை, அவன் அங்கே இருக்க, நான் இங்கே நின்று அவர்களுக்குப் படிக்க மாட்டேன். கமிட்டிக்காரர்களிடம் அப்படியே சொல்லிவிட்டேன். நீ வருவாய் என்று நான் வாக்குக் கொடுக்கவில்லை, ஆனால் சாதனா உனக்கும் சேர்த்துக் கிச்சுரிக்கு அரிசி போடச் சொல்லிவிட்டாளாம். யாரும் உன்னைக் கேள்வி கேட்க மாட்டார்கள், கேட்டாலும் நீ பதில் சொல்லத் தெரியாதவன் இல்லை. வந்து நின்று, உன் வாயால் சொல்லிவிட்டுப் போ. அவர்களுக்காக மட்டும் சொல்லவில்லை. வராமல் இருந்துவிட்டால் இதை நீ எவ்வளவு காலம் சுமப்பாய் என்று எனக்குத்தான் தெரியும்.

மேக்னாவுக்கு என் ஆசிகள், அவளுக்கு முடிந்தால் அவளும் வரட்டும். உன் ஆபீசில் குளிர் எலும்பு வரை இறங்கும் என்பாயே, தோளில் ஒரு சால்வை போட்டுக்கொள், யாரும் சிரிக்க மாட்டார்கள். அப்பள டப்பாவை நன்றாக மூடிவை, நமுத்துவிடும். நீங்கள் இருவரும் ஒரு குறையுமில்லாமல் நீண்ட காலம் நன்றாக இருக்க வேண்டும்.

மறந்துவிடாதே, பூஜை செப்டம்பர் பதினேழு. மேடையில் ஏற உனக்குக் கூச்சமாக இருந்தால் என்னைப் பார். முன்வரிசையில், அன்றைக்கு நீ உட்கார்ந்த இடத்தில், இலையை வைத்துக்கொண்டு நான் உட்கார்ந்திருப்பேன். உனக்கு வார்த்தை வராவிட்டால் எடுத்துக் கொடுக்கிறேன்.

உன் அம்மா,
பாகீரதி