சொர்ணம் மதினி கேட்ட சால்வை

ஆடி 12, திங்கள்

புழுக்கம். இலை அசையவில்லை. சால்வை பின்ன ஊசியில் நூல் வளையம் ஏற்றியாயிற்று, 71 கண். மெல்லிய கம்பளி நூல், மயில்கழுத்து நிறம். உள்ளங்கை வேர்த்து நூல் ஒட்டுகிறது. பவுடர் வாங்க வேண்டும்.

காலையில் சொர்ணம் மதினி போன். என் வீட்டுக்காரருக்கு அக்கா. அவள் மகள் தேனு கல்யாணம் முடிந்ததும் கனடா போகிறாள்.

"அங்க ஒரே குளிராம் வள்ளி. நீ லேசா, வலை மாதிரி பின்னுவீல்ல, அதுல ஒண்ணு போட்டுக் குடு. வரவேற்புல போட்டுக்கிடட்டும்."

சரி என்றேன். ஏன் சொன்னேன்?

போன மாதம் நிச்சயதார்த்தம். அவர் தவறிப்போய் மூன்று வருஷம். தாய்மாமன் சீர் நான்தான் கொண்டுபோனேன். பட்டு, பழம், பூ, எல்லாம் நான் பார்த்து எடுத்தது. தட்டைத் தூக்கக் குனிந்தேன். அத்தனை பேர் முன்னால் மதினி: "நீ தொடாத வள்ளி. நல்ல காரியத்துல உன் கை படவேணாம்." தேனு பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். வாய் திறக்கவில்லை.

ஆடி 19, திங்கள்

முப்பது அங்குலம். வரிசை வரிசையாக ஓட்டை, நடுநடுவே சிறு முண்டு. தடவினால் வெண்டைக்காய் விதை மாதிரி. அழகாக வருகிறது. அது வேறு எரிச்சல்.

யோசித்தவை:
- ஒரு கண்ணை வேண்டுமென்றே விட்டுவிடுவது. மேடையில் மளமளவென்று பிரியும்.
- கடைசி நாளில் "முடியலை" என்பது.
- கல்யாணத்துக்கே போகாமல் இருப்பது.

முதலாவது ரொம்பப் பிடித்தது. ஆனால் கெட்டுப்போவது என் வேலை. அவர் பட்டாளத்தில் இருந்தபோது டேராடூனில் கற்றது. மாட்டேன்.

கேஸ் புக் பண்ணணும்.

ஆடி 27, செவ்வாய்

முடிந்தது. நனைத்து, கட்டிலில் இழுத்து விரித்து, சுற்றிலும் குண்டூசி. காய்ந்ததும் எடுத்தால் கையில் கனமே இல்லை. நூறு கிராம்கூட வராது.

மதினி டிரைவரை அனுப்பி வாங்கிக்கொண்டாள். பிறகு போன்: "நீ பின்னுனதுன்னு யார்ட்டயும் சொல்லிக்கிடாத. சம்பந்தி வீட்ல சகுனம் பாப்பாக. பெங்களூர்ல வாங்குனதுன்னு சொல்லிட்டேன்."

"சரி மதினி."

இந்தச் சரி வேறு சரி.

ஆவணி 6, வெள்ளி

வரவேற்பு. மண்டபத்தில் ஏ.சி. தேனு தோளில் சால்வை. மாப்பிள்ளையின் அம்மா தடவித் தடவிப் பார்த்தார். "எங்க வாங்குனீக?"

"பெங்களூர்ல" என்றாள் மதினி.

மேடை ஏறினேன்.

"இல்லைங்க, நான் பின்னுனது. நிச்சயத்துல சீர்த்தட்டத் தொடக் கூடாதுன்னு மதினி சொன்னாகல்ல, அந்தக் கைதான். இதுல ஒரு கண்ணு விடாம என் கை பட்டிருக்கு. ஆகாதுன்னா குடுத்துருங்க."

சம்பந்தியம்மா மதினி பக்கம் திரும்பினார். "அப்படியா சொன்னீக?"

மதினி தேனுவின் சால்வை நுனியை இழுத்துச் சரிசெய்தாள். நான் கையை நீட்டினேன். தேனு அழுதுகொண்டே கழற்றிக் கொடுத்தாள். சாப்பிடாமல் வந்துவிட்டேன். ஆட்டோவில் சிரிப்பு வந்தது. எத்தனை நாளாயிற்று.

ஆவணி 8, ஞாயிறு

காலையிலிருந்து மழை. தேனு வந்தாள். நாளை மறுநாள் விமானம்.

"அன்னிக்கு நான் வாயத் தொறந்திருக்கணும் அத்தை."

ஆமாம் என்றேன். காபி கொடுத்தேன். சால்வையைக் கேட்கக் கூசினாள். நானே சொன்னேன்: "உனக்குத்தான் அது. ஒங்கம்மா வந்து என் கையால வாங்கிக்கிடட்டும்."

மாலை 4 மணிக்கு மதினி. படியில் குடையோடு நின்றாள். குடையைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கையையும் நீட்டினாள்.

சால்வையை வைத்து, என் கையை அதன் மேல், அவள் விரல்களின் மேல், அழுத்தி வைத்தேன். இழுத்துக்கொள்வாள் என்று பார்த்தேன். இழுக்கவில்லை. அவள் தலை நனைந்துகொண்டிருந்தது.

"உள்ள வரட்டுமா வள்ளி?"

"வேணாம் மதினி. துணி காயப் போடணும்."

மழை கொட்டிக்கொண்டிருந்தது. கதவைச் சாத்தினேன்.