பிளாக்கில் பட்டது கணக்கில் வராது, செல்லையா

என் அருமை அளியன், மைத்துனன் செல்லையனுக்கு,

உன் சுகத்தைக் கேட்க வழியில்லை. நான் சுகமாக இல்லை என்பதையாவது சொல்லிவிடுகிறேன். உன் நினைவாக நடத்தும் வாலிபால் போட்டியில் என் விசிலைப் பிடுங்கிவிட்டார்கள். பிடுங்கியது வேறு யாருமல்ல, உன் மகன் ராஜன்.

போன ஞாயிற்றுக்கிழமை செமி ஃபைனல். மரச்சீனிக் கிழங்கு பிடுங்கிய அதே விளைத் தோட்டத்தில்தான். நம் ஆட்களும் ஒற்றசேகரமங்கலத்துக்காரர்களும். கடைசி செட்டில் அவர்களுக்குப் பதினாலு, நமக்குப் பதிமூன்று. சர்வீஸ் அவர்களுடையது. ராஜன் எழும்பி அடித்தான். பந்து நெட்டுக்கு மேல் தடுக்கத் தூக்கிய கைகளில், அவர்கள் பிளாக்கில், உரசி அவர்கள் பக்கமே இறங்கியது. ஒருவன் எடுத்தான், ஒருவன் தூக்கிக் கொடுத்தான், ஒருவன் அடித்தான். நம் கோர்ட்டில் வந்து விழுந்தது.

ஒரு பக்கத்துக்கு மூன்று தட்டுதான் என்று, பந்தைத் தொடும்போதெல்லாம் வேடிக்கை பார்க்கிறவர்கள் சேர்ந்து எண்ணுவார்களே, அது இன்னும் நிற்கவில்லை. பிளாக்கில் பட்டதுமே "ஒண்ணு" என்று தொடங்கினார்கள். அடித்தபோது விளை முழுக்க "நாலு! நாலு!" என்று ஒரே கூச்சல். நான் பாயிண்டை ஒற்றசேகரமங்கலத்துக்குக் கொடுத்தேன். ஆட்டம் முடிந்தது.

"மாமா, கண்ணு தெரியலியா? நாலு தட்டாக்கும்" என்று ராஜன் பாய்ந்து வந்தான்.

"பிளாக்குல பட்டது கணக்கில்ல மக்கா. அதுக்குப் பொறவு மூணுதான் உண்டு. புக்குல இருக்கு."

"அப்பா இருந்தா இத விட்டிருப்பாரா?"

"எலே, அளியன்மாரு சண்டை ஒருத்தன் செத்தும் தீரல்லியே!" என்றான் ஒருத்தன். எல்லாரும் சிரித்தார்கள். இன்னொருத்தன் மலையாளத்தில், புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போ மாஷே என்றான். நான் எங்கே மாஷ், வாத்தியார்? எட்டாம் வகுப்போடு நின்றவன். அந்த இங்கிலீஷ் சட்டப் புத்தகத்தை அகராதியை வைத்துக்கொண்டு வரிவரியாகப் படித்தவன்.

இதற்கெல்லாம் காரணம் நீதான், செல்லையா. அந்த எண்ணுகிற பழக்கத்தைத் தொடங்கி வைத்ததே நீ. பிளாக்கில் பட்டதும் "ஒண்ணு" என்று முதலில் கத்தியதும் நீ. நீ நல்ல களிக்காரன், ஆட்டத்தில் புலி. உன் வாயில் வந்ததெல்லாம் இவர்களுக்குச் சட்டமாகிவிட்டது. கோட்டில் விழுந்த பந்தும் உள்ளேதான் என்று இவர்களை ஏற்க வைக்கவே எனக்கு ஏழு வருஷம் ஆயிற்று. புத்தகத்தை உன்னிடம் நீட்டினால், "புக்கு பாத்தா பந்து அடிக்கோம்? மடக்கி வை வேய்" என்பாய்.

உனக்கு ஒரு சேதி. பந்து காலில் பட்டால் தப்பு என்று உனக்கு எத்தனை தடவை விசில் ஊதியிருப்பேன்! இப்போது சட்டம் மாறிவிட்டது. காலால் தட்டினாலும் ஆடலாம். புதுப் புத்தகத்தில் படித்த அன்றே மைக்கில் சொன்னேன். "பாத்தியளா, மாமா அன்னைக்கும் தப்புதான்" என்கிறான் ராஜன். அன்றைக்கு அதுதான் சட்டம். நான் அன்றும் சரி, இன்றும் சரி. இது ஏன் ஒருத்தனுக்கும் விளங்கவில்லை?

காரக்கோணம் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது ஒரு நாள், "பிளாக்கு கணக்கில்லேண்ணு அந்த புக்குல நெசமாவே உண்டா?" என்று நீயாகக் கேட்டாய். உண்டு என்றேன். நீ சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாய். அது சம்மதமா, அசதியா? ஞாயிற்றுக்கிழமை அவ்வளவு பேருக்கு நடுவில் இதைச் சொல்ல வாய் வரை வந்தது. செல்லையனும் ஒத்துக்கொண்டான் என்றால் அத்தனை பேரும் அடங்கியிருப்பார்கள். ஆனால் நீ ஒத்துக்கொள்ளவில்லையே. இன்னும் கொஞ்ச நாள் உயிரோடு இருந்து, என்னிடம் ஒழுங்காகத் தோற்றுவிட்டுப் போயிருக்கக் கூடாதா?

எனக்குப் பிழை பற்றிவிட்டது, அது நாலு தட்டுதான் என்று மைக்கில் சொன்னால் விசிலைத் திருப்பித் தருவார்களாம்.

"ஒரு வார்த்தைதானே? எங்க அண்ணன் பேருல நடக்குத களியாக்கும். சொல்லிட்டு வாருங்க" என்றாள் வீட்டில் தங்கம்.

"சொன்னா அது பொய்யில்லியா?"

"பொய்யுமில்ல, மெய்யுமில்ல. அண்ணன் உங்ககிட்ட ஒருநாளும் தோக்கல்ல. உங்களுக்கு அதாக்கும் சூடு."

உன் தங்கைக்கு உன் நாக்கு. ஆனாலும் மைக்கில் நான் அப்படிச் சொல்லவில்லை. ஜெயித்தவர்களை வரும் ஞாயிற்றுக்கிழமை திரும்பவும் ஆட வரச் சொல்லியிருக்கிறார்கள். பிளாக்கிலிருந்து எண்ணுகிற ஒருத்தன் கையில் விசில்.

நான் போவேன், செல்லையா. உன் பேரில் நடக்கும் ஆட்டத்துக்குப் போகாமல் இருக்கமாட்டேன். நெட்டுக்கு நேராக, ஆட்களுக்கு முன்னால் நிற்பேன். பிளாக்கில் படும்போது வாயைத் திறக்கமாட்டேன். அடுத்த கையிலிருந்து உரக்க எண்ணுவேன். அத்தனை பேரும் நாலு என்று கத்தும்போது நான் ஒருத்தன் மூணு என்று கத்துவேன். கேட்க முடிந்தால் நீயும் என்னோடு சேர்ந்து எண்ணு. சேராவிட்டாலும் நான் நிறுத்தப் போவதில்லை.

உன் தங்கையைக் கட்டியவனும்
உன்னிடம் இன்னும் தோற்காதவனுமான
அளியன் வேலப்பன்