அறைத்தோழிகள் மீது ஒரு சந்தேகம்

அன்புள்ள அப்பாவுக்கு வணக்கம். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? அம்மா வேளாவேளைக்கு மாத்திரை போடுகிறாரா? நான் நலம்.

அரையாண்டுத் தேர்வில் இரண்டு பாடத்தில் தோற்றுவிட்டேன். பயப்பட வேண்டாம், முழுஆண்டில் சரிசெய்துவிடுவேன். அன்றிலிருந்து விடுதி அறையில் இருக்கும் பன்னிரண்டாம் வகுப்பு அக்காவும், நெட்டை என்று நாங்கள் கூப்பிடும் உயரமான பெண்ணும் என்னைத் தனியே விடுவதில்லை. துணி காயப்போட மாடிக்குப் போனாலும் ஒருத்தி பின்னாலேயே வருகிறாள். சாப்பாட்டு மணி அடித்தால் இன்னொருத்தி கையைப் பிடித்து இழுக்கிறாள். எதற்கோ அடி போடுகிறார்கள் என்று நினைத்தேன். பிறகு, நீங்கள்தான் வார்டனிடம் சொல்லி வேவு பார்க்க வைத்தீர்களோ என்று உங்கள்மீதே சந்தேகம் வந்தது.

நேற்று அக்காவிடம் கேட்டேவிட்டேன். "யாரு அக்கா உங்களை ஏவிவிட்டது?"

"யாரும் இல்லடி. போன வருஷம் நானும் இப்படித்தான் சாப்பிடாம சுவத்தைப் பாத்துப் படுத்துக் கிடந்தேன். நெட்டைதான் என்னை எழுப்பி உக்கார வச்சா."

எனக்கு இன்னும் முழு நம்பிக்கை வரவில்லை. ஆனாலும் ஒளித்து வைத்திருந்த கணக்குத் தாளை அவர்களிடம் காட்டினேன். யாரும் சிரிக்கவில்லை.

உங்கள் பழைய சால்வையை அனுப்புங்கள். இங்கே குளிர் இல்லை, இருந்தாலும் அனுப்புங்கள். அம்மாவிடம் மதிப்பெண்ணை நானே சொல்கிறேன். படிக்கக் கூப்பிடுகிறார்கள், போகிறேன்.

உங்கள் மகள்